மாலத்தீவு டைவிங் ட்ரிப்: பிப்ரவரியா செப்டம்பரா, எந்த அட்டோல், போட்டா தீவா?

கடல்கிறுக்கி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டைவிங்குக்காகவே மாலத்தீவு போகணும்னு நானும் வீட்டுக்காரரும் ரொம்ப நாளா பேசிட்டே இருக்கோம், இப்பதான் ரெண்டு பேருக்கும் சேர்ந்து லீவு கெடைக்கிற மாதிரி வந்திருக்கு. ஒண்ணு பிப்ரவரி கடைசி, இல்லன்னா செப்டம்பர் நடுவுல, பத்து நாள் கணக்கு. நான் ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்பக் கோர்ஸ் முடிச்சிருக்கேன், அதுக்கப்புறம் அப்பப்ப டைவ் பண்ணியிருக்கேன், ஆனா எல்லாமே கரண்ட் (நீரோட்டம்) இல்லாத அமைதியான எடங்கதான். அவர் டைவ் பண்றதில்ல, காதுல பழைய ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. ஆனா நல்லா நீந்துவார், ஸ்னார்க்கலிங்னா எங்களுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள இருப்பார்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் ஜாஸ்தியாகுது. ஒருத்தர் ஜனவரி டூ ஏப்ரல் தவிர வேற எப்பவும் போகாதீங்கங்கிறார், இன்னொருத்தர் மான்டா திருக்கை பாக்கணும்னா மழைக்காலம்தான்ங்கிறார். ஒருத்தர் சஃபாரி போட்ல ஒரு வாரம் தங்குனாதான் டைவிங்கே, தீவுல தங்குறது வேஸ்ட்டுங்கிறார். பா, ஆரி, வாவு, ஃபுவாமுலான்னு அட்டோல் பேரா கொட்டுறாங்க, எது எதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. எனக்கு ஆசைன்னா முதல்ல மான்டா, அப்புறம் சுறா, அப்புறம் நல்ல பவளம், அந்த வரிசைதான். பயம்னா கரண்ட். போயிட்டு வந்தவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்களேன், எதுல இருந்து ப்ளான் ஆரம்பிக்கணும்னே தெரியல.

---

ஆழம்முப்பது எழுதியது:

சிஸ், ரூம் போட்டோ பாத்து தீவை முடிவு பண்ணாம இங்க வந்து கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி ப்ளான் முடிஞ்ச மாதிரி. அங்க ஆரம்பிக்க வேண்டியது என்ன மாசம், அந்த மாசம் தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் ஓடுதுங்கிறதுல இருந்துதான். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி தானா வரும்.

அட்டோல்னா நடுவுல லகூன்னு அடைபட்ட கடல், சுத்தி ஒரு வளையமா பவளப்பாறை, அந்த வளையத்துல அங்கங்க வாசல் மாதிரி வெட்டு இருக்கும். அந்த வெட்டைத்தான் அங்க கந்துன்னு சொல்றாங்க. வெளிக்கடல் தண்ணி உள்ள போறதும் வர்றதும் அந்த வாசல் வழியாத்தான், அதனால கரண்ட் எல்லாம் அங்கதான் நெருக்கி ஓடும். லகூனுக்குள்ள முங்கி நிக்கிற பாறைக்குன்றுக்கு திலான்னு பேரு, அதோட தலை தண்ணிக்குக் கீழ சில மீட்டர்லயே இருக்கும். கிட்டத்தட்ட மேல்மட்டம் வரைக்கும் வர்ற சின்னது கிரி. டைவ் சென்டர் போர்டுல சைட் பேரு பக்கத்துல இந்த மூணுல எது போட்டிருக்குன்னு பாத்தாலே அன்னைக்கு டைவ் எப்படி இருக்கும்னு முக்கால்வாசி புரிஞ்சிரும்.

மோட்டா சொன்னா டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காத்து, தண்ணி கிழக்குல இருந்து மேற்கா தள்ளுது. அப்ப கிழக்குப் பக்க கந்துகள்ல வெளிக்கடலோட தெளிஞ்ச தண்ணி உள்ள வரும், விசிபிலிட்டி பிரமாதமா இருக்கும், கிரே ரீஃப் சுறாக்கள் வாசல்லயே கூட்டமா நிக்கும். ப்ளாங்டன்ங்கிற மெதக்குற குட்டி உயிருங்க எல்லாம் மேற்குப் பக்கம் போய்ச் சேருறதால மான்டாவும் அந்தப் பக்கம் போயிரும். மே டூ நவம்பர் தென்மேற்கு, எல்லாம் தலைகீழ். தண்ணி கலங்கலாத்தான் இருக்கும், ஆனா அந்தக் கலங்கலே மான்டாவோட சாப்பாடுதான். எந்த மாசம் பெஸ்ட்டுன்னு கேக்குறதுக்குப் பதிலா எதைப் பாக்கப் போறோம்னு கேட்டா பதில் தெளிவா வந்துரும்.

நீங்க மான்டாவை முதல்ல சொல்லிட்டீங்க, கூட ஸ்னார்க்கல் பண்றவர் வர்றார், கரண்ட் பயம் வேற. என் ஓட்டு செப்டம்பர், பா அட்டோல். அங்க ஹனிஃபாருன்னு ஒரு சின்ன வளைகுடா இருக்கு, பருவக்காத்தும் அலையேத்தமும் சேர்றப்போ ப்ளாங்டன் அதுக்குள்ள போய் மாட்டிக்கும், அதைத் தின்ன மான்டா வாயைத் தெறந்துட்டு வட்டம் வட்டமா சுத்தும், சில நாள்ல ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமாவே வரும். முக்கியமான விஷயம், ஹனிஃபாருல டைவ் பண்ண அனுமதியே இல்ல, 2012ல இருந்து ஸ்னார்க்கல் மட்டும்தான். அதனால உங்க வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே தண்ணில ஒரே காட்சியப் பாப்பீங்க, அவர் படகுல காத்துட்டு இருக்கிற மாதிரி ஆகாது. ரேஞ்சர் இருப்பாங்க, தனியா கட்டணம் இருக்கு, உள்ள இருக்குற நேரத்துக்கும் கணக்கு உண்டு. பௌர்ணமி அமாவாசை ஒட்டி அலையேத்தம் ஜாஸ்திங்கிறதால அந்த நாட்களச் சுத்தி தேதி போடப் பாருங்க, கேலண்டர் எடுத்து வச்சிட்டு டிக்கெட் புக் பண்ணுங்க.

---

சஃபாரிசெல்வன் எழுதியது:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பிப்ரவரில வாவு அட்டோல் கந்துகள விட்டுட்டு வேற என்னத்தப் பாக்குறது? வாசலோட விளிம்புல கயிறு கட்டுன ஹூக்க (கொக்கி) ஒரு செத்துப்போன பவளப்பாறைல மாட்டிட்டு, பிசிடில (மெதக்குறதுக்குப் போடுற ஜாக்கெட்) லேசா காத்து ஏத்தி, கயிறு விறைச்சு நிக்கும்போது சும்மா மெதக்கணும். நாம விடுற குமிழி மேல போகாது, பக்கவாட்டுல பின்னாடி பறக்கும், தலையத் திருப்புனா மாஸ்க் படபடன்னு ஆடும். முன்னாடி பாத்தா அவ்ளோ கரண்ட்டுலயும் சுறா வாலைக்கூட ஆட்டாம அப்படியே நிக்கும். 2010ல சுறா பிடிக்கிறத அந்த நாடே மொத்தமா தடை பண்ணுச்சு, அதோட பலன அங்க கண்ணால பாக்கலாம்.

இது போட்ல இருந்தாதான் முடியும். போட் ராத்திரியோட ராத்திரியா எடம் மாறும், காலைல எந்திரிச்சா சைட் பக்கத்துலயே இருக்கும், ஒரு நாளைக்கு மூணு டைவ். கம்ப்ரசர், டேங்க், கியர் எல்லாம் கூடவே வர்ற தோணில இருக்கும், அதனால தங்குற போட்ல சத்தமும் இருக்காது ஈரமும் இருக்காது. வாவுல அலிமதா தீவு பக்கத்துல நைட் டைவ்ல நர்ஸ் சுறா கால் மேல உரசிட்டுப் போகும், ஆரில மாயா திலால ராத்திரி வெள்ளைமுனை சுறா வேட்டையாடும். ஒரே ட்ரிப்ல ரெண்டு மூணு அட்டோல். அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிச்சிட்டுப் போங்க, பிப்ரவரியே போங்க.

---

ரீஃப்ரசிகை எழுதியது:

செல்வன் அண்ணா சொல்றது அத்தனையும் நெசம், அந்த கந்து டைவ் மாதிரி இன்னொண்ணு கெடையாது. ஆனா இவங்க எழுதுனத மறுபடி ஒருவாட்டி படிங்க. கூட வர்றவர் டைவ் பண்றதில்ல. மூணு டைவ் ஓடுற போட்ல அவர் ஒரு வாரம் பூரா என்ன பண்ணுவார்? இவங்க கரண்ட்லயே எறங்குனதில்ல. நெறைய சஃபாரி போட்காரங்க அட்வான்ஸ்டு சர்டிஃபிகேட்டோட இத்தனை டைவ் லாக் பண்ணியிருக்கணும்னு கண்டிஷன் வேற வைக்கிறாங்க, அது சும்மா வைக்கல. முதல் கரண்ட் டைவே வாவு வாசல்ல பண்ணா சுறாவப் பாக்குறத விட காத்து எவ்வளவு இருக்குன்னு காட்டுற கேஜையும் கைடையும்தான் பாத்துட்டு இருப்பாங்க, அந்த அனுபவமே கசந்துரும். அது அடுத்த ட்ரிப்புக்கு இருக்கட்டும் சிஸ், அதுக்குள்ள நல்லா பழகிட்டுப் போனீங்கன்னா அனுபவிக்கலாம்.

என்னோட பங்குக்கு தங்குற விஷயம். பா அட்டோல்ல தரவந்தூன்னு உள்ளூர் மக்கள் வாழுற தீவு, அங்கயே சின்ன ஏர்போர்ட் இருக்கு, கெஸ்ட்ஹவுஸ் இருக்கு, டைவ் சென்டர் இருக்கு, ஹனிஃபாரு படகுல கிட்டக்க. இதுல பெரிய லாபம் என்னன்னா அன்னைக்குக் காலைல மான்டா வந்திருக்குன்னு தகவல் வந்தா உடனே கெளம்பிப் போக முடியும். தூரத்து தீவுல இருந்தா நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அலை எறங்கிரும்.

உள்ளூர் தீவுன்னா சில விஷயம் மனசுல வச்சுக்கோங்க. ஊருக்குள்ள தோள் முட்டி மூடுற மாதிரி உடுத்தணும், நீச்சல் டிரஸ்ஸுக்குன்னு தனி பீச் ஒதுக்கியிருப்பாங்க. மது அந்தத் தீவுகள்ல கெடையவே கெடையாது, நாட்டுக்குள்ள கொண்டு போகவும் கூடாது, ஏர்போர்ட்லயே எடுத்து வச்சிருவாங்க. வெள்ளிக்கிழமை அரசு ஃபெர்ரி பெரும்பாலும் ஓடாது, மாறுற நாள அன்னைக்கு வைக்காதீங்க. ராத்திரிக்கு இவ்வளவுன்னு க்ரீன் டாக்ஸ் ஒண்ணு இருக்கு, ரூம் ரேட்ல சேர்த்திருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுருங்க. போறதுக்கு 96 மணி நேரத்துக்குள்ள இமூகான்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம் நெரப்பணும். சீப்ளேன்ல போற மாதிரி ஆச்சுன்னா பகல்ல மட்டும்தான் பறக்கும், ஃப்ளைட் சாயங்காலம் எறங்குனா அன்னைக்கு ராத்திரி மாலே பக்கத்துல தங்கித்தான் ஆகணும், அதோட லக்கேஜ் வெயிட்டும் கம்மி.

பத்து நாள் இருக்குல்ல, ஆறு நாள் பா, மிச்சம் தெற்கு ஆரின்னு பிரிச்சுக்கோங்க. தெற்கு ஆரில திகுரா, தங்கெதி மாதிரி தீவுங்க இருக்கு, அங்க வெளி ரீஃப் ஓரமா திமிங்கிலச் சுறா வருஷம் பூரா சுத்தும். அதுவும் ஸ்னார்க்கல்லயே பாக்குற விஷயம்தான், உங்க வீட்டுக்காரருக்கு டபுள் லாட்டரி. தரவந்தூல இருந்து மாலேக்கு ஃப்ளைட், அங்க இருந்து மாமிகிலிக்கு இன்னொரு ஃப்ளைட், அரை நாள்ல போயிரலாம்.

---

காதுமூக்குடாக்டர் எழுதியது:

மேல இருக்குற ப்ளான் அருமை, ஆனா நடுவுல ரெண்டு ஃப்ளைட் வருதே, அதக் கவனிங்க. டைவ் பண்ண ஒடம்புல நைட்ரஜன் கரைஞ்சு நிக்கும். ப்ளேன்ல மேல போகப் போக கேபின் அழுத்தம் கொறையும், அப்ப அது குமிழியா வெளிய வந்தா டிகம்ப்ரஷன் வியாதி. ஒரே ஒரு டைவ்னா கொறஞ்சது 12 மணி நேரம், தெனமும் டைவ் பண்ணியிருந்தா 18 மணி நேரம் கழிச்சுதான் பறக்கணும்னு டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லுது, நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். இது ஊருக்குத் திரும்புற ஃப்ளைட்டுக்கு மட்டும் இல்ல, உள்ளூர் ஃப்ளைட்டுக்கும் சேத்துதான். பலபேர் கடைசி நாள ஞாபகமா விட்டுருவாங்க, நடுவுல தீவு மாறுற நாள மறந்துருவாங்க.

இவங்களுக்கு இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. ஹனிஃபாரு ஸ்னார்க்கல் மட்டும்தானே, தண்ணி மேலயே மெதந்து பாக்குறதால நைட்ரஜன் கணக்கு ஏறாது. பா அட்டோல்ல கடைசி நாள டேங்க் டைவ் இல்லாம ஹனிஃபாருக்குன்னு வச்சுக்கலாம், நாளும் வீணாகாது. ஸ்கூபா பண்ணிட்டு இருக்குற நாட்கள்ல மூச்சடக்கிக்கிட்டு ஆழமா முங்கி முங்கி எந்திரிக்கிறத மட்டும் தவிர்த்துருங்க.

வீட்டுக்காரர் காது பத்தி சொன்னீங்க. என்ன ஆபரேஷன்னு தெரியாம அவரால டைவ் பண்ண முடியும் முடியாதுன்னு யாரும் சொல்லக் கூடாது. அங்க போனதும் சும்மா ஒரு ட்ரை டைவ் பண்ணிப் பாருங்கன்னு டைவ் சென்டர்ல ஆசை காட்டுவாங்க, மெடிக்கல் ஃபார்ம்ல காது ஆபரேஷன்னு ஒரு கேள்வி இருக்கும், அதுல மறைச்சு டிக் அடிச்சிராதீங்க. ஊர்ல இருக்குறப்பவே அவர ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயோ டைவிங் தெரிஞ்ச காது டாக்டர்கிட்டயோ காட்டி கையெழுத்து வாங்கிட்டுப் போங்க, இல்லன்னா ஸ்னார்க்கலோட நிறுத்திக்கோங்க. உங்களுக்கும் சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு எறங்காதீங்க, மூக்கடைப்பு மாத்திரை போட்டுட்டு எறங்குனா கீழ இருக்குறப்போ மருந்து வேகம் தீந்து மேல வரும்போது காத்து வெளிய வராம அடைச்சிக்கும், அந்த வலி சொல்லி மாளாது.

இன்ஷூரன்ஸ். சாதாரண ட்ராவல் பாலிசில ஸ்கூபாவ விலக்கி வச்சிருப்பாங்க, இல்ல ஒரு ஆழத்துக்கு மேலன்னா கெடையாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. டைவிங்குக்குன்னே தனி இன்ஷூரன்ஸ் எடுங்க. மாலத்தீவுல டிகம்ப்ரஷன் வியாதிக்கு வைத்தியம் பண்ற ப்ரஷர் சேம்பர் எல்லா தீவுலயும் இல்ல, பண்டோஸ், குராமதி மாதிரி ஒரு சில எடத்துலதான். படகுல ஆக்சிஜன் கிட் இருக்கான்னு முதல் நாளே கேளுங்க, எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க, நல்ல சென்டர்காரங்க இதுக்குக் கோச்சுக்கவே மாட்டாங்க.

---

கடல்கிறுக்கி எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. செப்டம்பர்னு முடிவு பண்ணியாச்சு, பா முதல்ல, அப்புறம் ஆரி. வீட்டுக்காரர்கிட்ட ஹனிஃபாரு வெவரத்தப் படிச்சுக் காட்டுனேன், அவர் இப்பவே மாஸ்க் தேட ஆரம்பிச்சிட்டார். காது டாக்டர்கிட்டயும் அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு.

இன்னும் ரெண்டே கேள்வி. ஒண்ணு, பவளம் எல்லாம் வெளுத்துப் போச்சுன்னு படிக்கிறேனே, உண்மையா, போட்டோல பாக்குற மாதிரி கலர் எல்லாம் இருக்குமா? ரெண்டு, கரண்ட்டுக்கு நான் எப்படித் தயாராகுறது? போறதுக்கு முன்னாடி அட்வான்ஸ்டு முடிக்கணுமா இல்ல அங்க போய்ப் பாத்துக்கலாமா? நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் ஜாஸ்தி கலந்த காத்து) கோர்ஸ் வேற எடுன்னு ஒருத்தர் சொல்றார்.

---

ரீஃப்ரசிகை எழுதியது:

பவளத்தைப் பத்தி ஒளிக்காம சொல்லணும்னா, 1998ல கடல் சூடேறுனப்போ ஆழம் கம்மியான எடத்துப் பவளம் பெரும்பகுதி செத்துச்சு, அப்புறம் மெல்ல வளர்ந்து வந்தது 2016ல திரும்ப அடி வாங்குச்சு, 2024லயும் உலகம் முழுக்க வெளுப்பு வந்துச்சு. அதனால லகூன் ஓரத்துல இடுப்பளவு தண்ணில கொம்பு கொம்பா கலர் பவளக்காடு இருக்கும்னு நெனச்சுட்டுப் போனா வருத்தப்படுவீங்க. பல எடத்துல ஒடைஞ்ச கிளைங்க சாம்பல் கலர்ல குமிஞ்சு கெடக்கும், அதுக்கு நடுவுல வெரல் நீளத்துக்குப் புதுசா முளைச்சு வர்றதையும் பாக்கலாம். ஆனா திலாக்களோட பக்கச் சுவர்ல, கரண்ட் அடிக்கிற குடைவுகள்ல மென்பவளம் மஞ்சளும் ஊதாவுமா தொங்கும், ஒரு டார்ச் மட்டும் எடுத்துட்டுப் போங்க, வெளிச்சம் பட்டாதான் அந்தக் கலரு தெரியும். மீன் கூட்டம் பத்திக் கவலையே வேணாம்.

நம்மளால ஆனது, எதையும் தொடாம மிதிக்காம வர்றது. சன்ஸ்க்ரீன் அள்ளிப் பூசுறதுக்குப் பதிலா ரெண்டு பேரும் முழுக்கை ராஷ்கார்டு போட்டுக்கோங்க. கரைல கெடக்குற பவளம் சிப்பின்னு எதையும் பைல போடாதீங்க, அத நாட்ட விட்டு வெளிய கொண்டு போறது சட்டப்படி தப்பு. மான்டா கிட்ட வந்தா கையை நீட்டாம அசையாம மெதங்க, நாம அசையாம இருந்தா அதுவே இன்னும் கிட்டக்க வரும். தொரத்துனா அடுத்த நிமிஷம் காணாமப் போயிரும்.

---

ஆழம்முப்பது எழுதியது:

கோர்ஸ் பத்தி. ஓப்பன் வாட்டர்ல உங்க லிமிட் 18 மீட்டர், அட்வான்ஸ்டு இருந்தா 30. மாலத்தீவுல பொழுதுபோக்கு டைவிங்குக்கு சட்டமே 30 மீட்டர்தான், மேல வர்றப்போ நின்னு நின்னுதான் வரணும்ங்கிற டிகோ டைவும் கூடாது, அதனால அதுக்கு மேல யார் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாலும் போகாதீங்க. அட்வான்ஸ்டு அங்க போய்ப் பண்றதே நல்லதுன்னு நான் சொல்வேன், ஏன்னா கரண்ட்டோட போற ட்ரிஃப்ட் டைவ அந்தக் கரண்ட்லயே, அந்த ஊர் கைடோட கத்துக்கலாம். நைட்ராக்ஸ் தியரிய வீட்டுலயே முடிச்சிட்டுப் போயிருங்க. 32 பர்சென்ட் ஆக்சிஜன் எடுத்தீங்கன்னா 18, 20 மீட்டர்ல நோ டிகோ டைம் (அப்படி நிக்காம கீழ இருக்கக்கூடிய நேரம்) நல்லா நீளும், தெனமும் டைவ் பண்றப்போ அது நெசமாவே ஒதவும். ஆனா அதுக்கு ஆழ எல்லை இருக்கு, ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பார்னு வச்சா 33 மீட்டர் சுமாருக்குக் கீழ போகக் கூடாது. நைட்ராக்ஸ் எடுத்தோம்னு டாக்டர் சொன்ன ஃப்ளைட் கணக்கக் கொறைக்காதீங்க.

கரண்ட்டுக்குப் பயப்படுறது நல்லதுதான், ஆனா அது என்ன பண்ணும்னு தெரிஞ்சிக்கிட்டா பயம் பாதியாயிரும். உள்ள வர்ற கரண்ட் உங்கள லகூன் பக்கம்தான் தள்ளும், படகு அங்க காத்திருக்கும். வெளிய போற கரண்ட்தான் வெளிக்கடலுக்குத் தள்ளும், கலங்கலும் ஜாஸ்தி. அதனால காலைல பிரீஃபிங்ல கைடுகிட்ட தைரியமா கேளுங்க, இன்னைக்கு தண்ணி உள்ள வருதா வெளிய போகுதா, நாங்க எங்க எறங்கி எங்க ஏறப் போறோம், பிரிஞ்சிட்டா என்ன செய்யணும்னு. எறங்குறதுக்கு முன்னாடி கைடே குதிச்சு கரண்ட் பாத்துட்டு வர்ற சென்டரா இருந்தா கண்ண மூடிட்டு நம்பலாம். தண்ணிக்குள்ள கரண்ட்ட எதிர்த்து நீந்தவே நீந்தாதீங்க, ரெண்டு நிமிஷத்துல காத்தும் போயிரும் மூச்சும் வாங்கிரும். பாறைய ஒட்டி தாழ்வாப் போனா கரண்ட் கொறைவு. முடியலன்னா கைடுக்கு சிக்னல் காட்டிட்டு, கூட எறங்குன டைவ் ஜோடியோட சேர்ந்து ரீஃப விட்டு வெலகி மெதுவா ஏறிருங்க, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் வேணாம், 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னுட்டு மேல வாங்க.

அதுக்கு சொந்தமா ஒரு எஸ்எம்பி (தண்ணி மேல அனுப்புற அடையாள பலூன்) வேணும், கூட ஒரு விசில். வாடகைக்கு எடுக்குற கியர்ல இது சில நேரம் இருக்காது. ஊர்ல பூல்ல போய் நடுத்தண்ணில மெதந்துக்கிட்டே பலூன ஊதி மேல விட நல்லா பழகிக்கோங்க, கயிறு கைல சுத்திக்காம ரீல விடணும், அதுதான் முதல்ல வராது. செப்டம்பர்ல மழையும் அலையும் இருக்கும், அலைக்கு நடுவுல ஒரு தலை மட்டும் மெதந்தா படகுக்காரர் கண்ணுக்குத் தெரியாது, அந்த ஆரஞ்சு பலூன்தான் தெரியும். சொந்த மாஸ்க், சொந்த டைவ் கம்ப்யூட்டர், 3 மில்லிமீட்டர் வெட்சூட், இவ்வளவு எடுத்துட்டுப் போனா போதும், தண்ணி 28 டிகிரி சுமாருக்கு இருக்கும். மிச்சம் எல்லாம் அங்க வாடகைக்குக் கெடைக்கும்.

டாக்டர் சொன்ன ஹனிஃபாரு யோசனைல ஒரே ஒரு திருத்தம். அதக் கடைசி நாளுக்குன்னு மட்டும் கட்டி வச்சிராதீங்க, மான்டா நம்ம தேதி பாத்து வராது. போய் எறங்குன நாள்லயே டைவ் சென்டர்ல சொல்லி வைங்க, எப்ப வந்திருக்குன்னு தகவல் வருதோ அன்னைக்கு டைவ கேன்சல் பண்ணிட்டு ஓடுங்க, கடைசி நாளையும் தனியா காலியா வச்சுக்கோங்க. செப்டம்பர் அலைல ஸ்பீட்போட் ஆட்டம் ஜாஸ்தி, அதனால மாலேக்கும் ஆரிக்கும் நடுவுல ஃப்ளைட்டே எடுத்துருங்க, வாந்தி வர்ற ஒடம்புன்னா டைவ் படகுக்கும் அரை மணி முன்னாடி மாத்திர போட்டுக்கோங்க. அந்த மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு, ஊர்லயே ஒருவாட்டி போட்டுப் பாத்துருங்க, சிலதுக்கு தூக்கம் வரும்.

---

சஃபாரிசெல்வன் எழுதியது:

சரி, செப்டம்பர் பா அட்டோல்னு நானும் ஒத்துக்கிறேன், அவர் கூட வர்றப்போ அதான் சரி. அட்வான்ஸ்டு முடிச்சு, ஆரில ரெண்டு மூணு திலாவுல கரண்ட் பழகிட்டு வாங்க. திரும்பி வந்ததும் லாக் புக்க எடுத்து இங்க எழுதுங்க, எந்த சைட்ல எவ்வளவு கரண்ட் இருந்துச்சு, காத்து எவ்வளவு செலவாச்சுன்னு. அதப் பாத்துட்டு அடுத்த பிப்ரவரிக்கு வாவுல எந்த கந்துல இருந்து ஆரம்பிக்கலாம்னு நான் சொல்றேன்.